பாத்ஃபைண்டர், 1997: ஒரு பைப்புக்குள் ஒளிந்திருந்த பூட்டு

1997 ஜூலை 4 அன்று நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் கலம் செவ்வாயின் ஏரிஸ் வாலிஸ் பகுதியில் காற்றுப்பைகளின் உதவியோடு துள்ளித் துள்ளித் தரையிறங்கியது. உலகமே அதன் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் கலத்தின் கணினி அவ்வப்போது தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. வன்பொருளில் பழுது ஏதும் இல்லை. எழுதியவர்களின் நிரலிலும் வெளிப்படையான தவறு இல்லை. ஒரு பணி இன்னொரு பணிக்குத் தகவல் தரப் பயன்படுத்திய இயங்குதள அழைப்புக்குள், யாரும் எண்ணிப் பார்க்காத ஒரு பூட்டு இருந்தது.

ப்ராசஸ்களுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு, இடையே தகவல் கைமாற்றும் அழைப்புகளைப் பாடமாகப் படிக்கும்போது பைப் (ஒரு முனையில் எழுதியதை மறுமுனையில் வாசிக்கும் குழாய்), செலக்ட் (பல வழிகளில் எதில் தரவு வருகிறது என்று காத்திருக்கும் அழைப்பு), ஷேர்டு மெமரி (பகிர்வு நினைவகம்), செமஃபோர் (யார் எப்போது நுழையலாம் என்று எண்ணி அனுமதிக்கும் குறி) என்று தனித்தனித் தலைப்பாகப் படிக்கிறோம். ஓடும் கணினியில் அவை அப்படிப் பிரிந்து நிற்பதில்லை. ஒன்றின் வயிற்றுக்குள் இன்னொன்று இருக்கிறது. அதை இந்த நிகழ்வு அளவுக்குத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் அறியேன்.

பின்னணி

கலம் முழுவதையும் இயக்கியது ஒரே ஒரு செயலி: கதிர்வீச்சைத் தாங்கும்படி செய்யப்பட்ட ஆர்ஏடி6000. அதன் மேல் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற நிகழ்நேர இயங்குதளம் ஓடியது. அதில் தனித்தனியாக ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் டாஸ்க் என்று பெயர். இங்கே 'பணி' என்றே சொல்கிறேன். ஒவ்வொரு பணிக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. உயர்ந்த முன்னுரிமை கொண்ட பணி ஓடத் தயாரானால், தாழ்ந்த பணி எந்த வரியில் இருந்தாலும் அங்கேயே நிறுத்தப்படும். இதில் தாட்சண்யம் கிடையாது.

செயலிக்கும் கருவிகளுக்கும் இடையே 1553 என்ற பஸ், அதாவது தரவு ஓடும் பொதுத் தடம், இருந்தது. பயணக் கட்டத்துக்கான உந்துகள், சூரிய உணரி, விண்மீன் நோக்கி ஆகியவை அதன் ஒரு பக்கம். தரையிறங்கும் கலத்தின் முடுக்கமானி, ரேடார் உயரமானி, வானிலைக் கருவி ஆகியவை மறுபக்கம். இந்த வன்பொருள் சனிக் கோளுக்கான காசினி விண்கலத்திலிருந்து பெறப்பட்டது. அதோடு அதைப் பயன்படுத்தும் முறையும் சேர்ந்தே வந்தது: நொடிக்கு 8 சுற்று, அதாவது சுற்றுக்கு 0.125 நொடி.

ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பணிகள் மாறி மாறி ஓடின. சுற்று தொடங்கியதும், முன்பே ஏற்பாடு செய்யப்பட்ட பரிமாற்றங்களை பஸ் வன்பொருள் நடத்தும். அது முடிந்தவுடன் ஒரு பணி எழுந்து, வந்த தரவை உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். இதை விநியோகப் பணி என்போம். அது முடித்து ஓய்ந்த பிறகு இன்னொரு பணி எழுந்து அடுத்த சுற்றுக்கான பரிமாற்றங்களை அடுக்கி வைக்கும். இது அட்டவணைப் பணி. இயங்குதளத்தின் சொந்தப் பணி ஒன்றைத் தவிர்த்தால் அட்டவணைப் பணிக்கே முதல் முன்னுரிமை. தரையிறக்கத்தைக் கவனிக்கும் பணி இரண்டாவது, விநியோகப் பணி மூன்றாவது. படமெடுப்பது, படத்தைச் சுருக்குவது, வானிலை அளப்பது போன்ற அறிவியல் வேலைகள் எல்லாம் அடியில்.

அட்டவணைப் பணி எழும்போது விநியோகப் பணி தன் வேலையை முடித்திருக்க வேண்டும். அது மீறக்கூடாத கெடு. மீறினால், கணினி தன் மேலேயே நம்பிக்கை இழந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும்படி எழுதியிருந்தார்கள்.

தரவு கைமாறிய இரண்டு வழிகள்

விநியோகப் பணி பெரும்பாலான தரவைப் பகிர்வு நினைவகத்தில் இரட்டை இடையகமாக, அதாவது இரண்டு தற்காலிகச் சேமிப்பிடங்களாக, வைத்தது. ஒன்றில் புதியதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாசிப்பவர்கள் மற்றொன்றில் இருக்கும் பழையதை எடுத்துக்கொள்வார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

வானிலைத் தரவு மட்டும் விதிவிலக்கு. அது செய்தி வரிசை வழியாகப் போனது. அந்த வரிசைகள் விஎக்ஸ்வொர்க்ஸ் தரும் பைப் வசதியின் மேல் கட்டப்பட்டவை. அவசரச் செய்திக்கு ஒன்று, சாதாரணச் செய்திக்கு ஒன்று என்று ஒரு பணிக்கே பல வரிசைகள் இருக்கலாம். எதில் முதலில் வந்தாலும் விழிக்க வேண்டும் என்பதால் பெறுகிற பணிகள் செலக்ட் அழைப்பில் காத்திருந்தன. யூனிக்ஸில் பழகிய எவரும் இப்படித்தான் எழுதுவார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அந்தச் செய்தி வரிசைகளில் ஓடிய மற்றதெல்லாம் பெரும்பாலும் கெடு இல்லாத தகவல். 0.125 நொடிச் சுற்றுக்குள் கட்டுண்ட தரவு அந்த வழியில் போனது வானிலைப் பணிக்காக மட்டுமே. மூன்றாம் இடத்தில் இருக்கும் பணி, அடியில் இருக்கும் பணிக்குப் பைப்பில் எழுதிய அந்த ஒரே இடத்தில்தான் வினை விளைந்தது.

செவ்வாயில் கண்டது

வானிலைத் தரவு சேகரிக்கத் தொடங்கிச் சில நாட்களுக்குள் முதல் ரீசெட் வந்தது. பிறகும் வந்தது. ஒவ்வொரு தடவையும் மென்பொருளும் வன்பொருளும் புதிதாகத் தொடங்கின. அதற்குள் சேர்ந்திருந்த அறிவியல் தரவு அழியவில்லை. ஆனால் அன்றைக்குப் பூமியிலிருந்து அனுப்பிய கட்டளைகளில் மிச்சமிருந்தவை கைவிடப்பட்டன. மீதி வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. தரைக்கலத்துக்குத் திட்டமிட்ட ஆயுள் 30 நாள், சோஜர்னர் ஊர்திக்கு 7 நாள். அந்தக் கணக்கில் ஒரு நாள் வீணாவது சிறிய இழப்பல்ல.

கணினி ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிய வேலைகளைச் செய்ய முயல்கிறது என்று செய்தித்தாள்கள் எழுதின. வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் செயலிக்கு நேரம் போதாமல் போகவில்லை. கையில் இருந்த நேரம் தவறான பணிக்குப் போய்க்கொண்டிருந்தது.

பூமியில் தேடியது

குழு எடுத்த முதல் முடிவு, கலத்தில் கை வைக்காமல் ஆய்வகத்தில் அதே கோளாறை வரவழைப்பது. சமிக்ஞை ஒரு வழி போய்ச் சேரவே 10 நிமிடத்துக்கு மேல் ஆகும் தூரத்தில் இருக்கும் கணினியில் ஊகத்தின் பேரில் எதையும் மாற்ற முடியாது.

அவர்களிடம் ஒரு தடம் பதிக்கும் வசதி இருந்தது. விஎக்ஸ்வொர்க்ஸை இந்தச் செயலிக்குக் கொண்டுவந்த ஆரம்ப நாட்களில் வேறொரு பிழையைப் பிடிக்க எழுதப்பட்டது. பிறகு இயங்குதள நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் பைப், செய்தி வரிசை, செலக்ட், குறுக்கீடுகள் ஆகியவற்றுக்குள்ளும் அதை நுழைத்திருந்தார். கணினி தொடங்கியதிலிருந்து எந்தப் பணி எப்போது மாறியது, எந்த அழைப்பு எங்கே நின்றது என்று வட்ட இடையகத்தில் எழுதிக்கொண்டே இருக்கும். கெடு தவறும் கணத்தில் பதிவை நிறுத்தி உள்ளதை வெளியே கொட்டும்படி அட்டவணைப் பணியிலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

செவ்வாயில் நடந்த அதே வேலைத்தொகுதியை ஆய்வகக் கணினியில் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். 18 மணி நேரத்துக்குள் ரீசெட் வந்தது. தடப்பதிவைப் படித்தபோது காரணம் அப்பட்டமாகத் தெரிந்தது.

உண்மையில் நடந்தது

எந்தக் கோப்பு விவரிப்பியில் (திறந்திருக்கும் பைப் அல்லது கோப்பைக் குறிக்கும் எண்) எந்தப் பணி காத்திருக்கிறது என்ற பட்டியலைச் செலக்ட் வைத்துக்கொள்கிறது. இரண்டு பணிகள் ஒரே நேரத்தில் அந்தப் பட்டியலைத் தொட்டுக் குழப்பாமலிருக்க, அதற்கு ஒரு மியூடெக்ஸ், அதாவது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டு, காவல். பைப்பில் எழுதுபவரும் அதே மியூடெக்ஸைப் பிடித்தாக வேண்டும். யாராவது காத்திருந்தால் அவரை எழுப்ப வேண்டுமல்லவா? ஆக, செலக்ட்டில் காத்திருக்கப் போகிறவரும் பைப்பில் எழுத வருகிறவரும் கண்ணுக்குத் தெரியாத ஒரே கதவில் சந்திக்கிறார்கள்.

தடப்பதிவு சொன்ன வரிசை இது. வானிலைப் பணி செலக்ட்டை அழைத்தது. செலக்ட் பைப்பின் ஐயோக்டில் என்ற கட்டுப்பாட்டு அழைப்புக்குள் போனது. அங்கிருந்து பட்டியலில் பெயர் சேர்க்கும் உள்செயல். சேர்த்தாகிவிட்டது, மியூடெக்ஸைத் திருப்பித் தந்துகொண்டிருக்கிறது. தருவது முடியும் முன் நடுத்தர முன்னுரிமைப் பணி ஒன்று விழித்துக்கொண்டது. வானிலைப் பணி அந்த வரியிலேயே, பூட்டைக் கையில் பிடித்தபடி உறைந்தது.

நடுத்தரப் பணிகள் சில ஓடின. சுற்றுக்கான நேரம் வந்தது. விநியோகப் பணி எழுந்தது. புதிய வானிலை அளவுகளைப் பைப்பில் எழுதப் போனது. பைப் நிரம்பியிருக்கவில்லை. எழுத இடம் தாராளமாக இருந்தது. ஆனால் மியூடெக்ஸ் வானிலைப் பணியிடம் இருந்ததால் எழுதும் அழைப்பு நின்றுவிட்டது. விநியோகப் பணி தூங்கப் போனதும் செயலி மறுபடி நடுத்தரப் பணிகளுக்கே போனது. பூட்டை விடுவிக்க வேண்டிய வானிலைப் பணிக்கோ முன்னுரிமை குறைவு; அதன் முறை வரவே இல்லை. அட்டவணைப் பணி எழுந்து பார்த்தது. கெடு தவறியிருந்தது. ரீசெட்.

கல்யாண வீட்டில் உக்கிராண அறைச் சாவி எடுபிடிப் பையனிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவியை ஆணியில் மாட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் நடை குறுகலானது. பெரியவர்கள் வந்தால் அவன் ஒதுங்கி நிற்க வேண்டும். சித்தப்பா வருகிறார், மாமா வருகிறார், அவர்கள் வருவது ஓயவில்லை. அரிசி எடுக்க வந்த தலைமைச் சமையல்காரர் சாவிக்காகப் பூட்டிய கதவின் முன் நிற்கிறார். சமையல்காரர் பையனுக்காகக் காத்திருப்பது நியாயம். ஒரு நொடியில் முடிகிற காரியம். உக்கிராணத்தில் வேலையே இல்லாத சித்தப்பாக்களுக்காக அவர் காத்திருப்பதுதான் கோளாறு. இதற்கு முன்னுரிமைத் தலைகீழாக்கம் என்று பெயர். ஜெராக்ஸ் நிறுவனத்தின் மேசா மொழி அனுபவத்தை விவரித்த 1980ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே இது பதிவாகியிருக்கிறது.

மருந்தும் புதிதல்ல. சாவி கையில் இருக்கும் வரை, அதற்காகக் காத்திருப்பவரின் முன்னுரிமையைப் பையனுக்கு இரவல் கொடுப்பது. சாவியை மாட்டியதும் பழைய நிலைக்குத் திருப்புவது. ப்ரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் என்ற இந்த முறையைக் கணித அடிப்படையோடு வகுத்த 1990ஆம் ஆண்டுக் கட்டுரையின் மூன்று ஆசிரியர்களில் ஒருவர் ரகுநாதன் ராஜ்குமார், கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர்.

தீர்வும், அதற்கு முன் கேட்ட கேள்விகளும்

விஎக்ஸ்வொர்க்ஸில் மியூடெக்ஸ் உருவாக்கும்போதே இந்த இரவலை வேண்டும் அல்லது வேண்டாம் என்று சொல்லலாம். குழு தானே உருவாக்கிய மியூடெக்ஸ் என்றால் அது ஒரு வரி வேலை. இதுவோ செலக்ட்டுக்குள் இயங்குதளமே உருவாக்கியது. வேகத்தைக் கருதி இரவல் இல்லாமல் உருவாக்கியிருந்தது. அந்த விருப்பத் தேர்வு ஒரு பொது மாறியில் இருந்தது. கையேட்டில் அதைப் பற்றிய குறிப்பு இல்லை. மூல நிரலைப் படித்தவர்களுக்கு மட்டுமே தெரியும்.

மாறியை மாற்றினால் கலத்தில் உள்ள எல்லாச் செலக்ட்களும் மாறும். ஆகவே உடனே அனுப்பிவிடவில்லை. வேகம் எவ்வளவு குறையும்? வேறெங்காவது ஒன்றுக்கொன்று காத்திருந்து முட்டுக்கட்டை விழுமா? தரையில் சோதித்த நடத்தை மாறிப்போகுமா? இயங்குதள நிறுவனத்தைக் கேட்டார்கள். வேகப் பாதிப்பு மிகக் குறைவு என்று பதில் வந்தது. தாங்களும் ஆய்வகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். பிழை தெரிந்த பிறகும் இவ்வளவு பொறுமையாக இருந்ததுதான் எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் மதிப்புக்குரிய பகுதி.

இங்கே ஒரு தவறான செய்தியைத் திருத்த வேண்டும். கலத்தில் இருந்த விஎக்ஸ்வொர்க்ஸ் ஷெல்லில் ஒரு வரி தட்டி, ஓடிக்கொண்டிருந்த மாறியைச் செவ்வாயிலேயே மாற்றிவிட்டார்கள் என்று பல இடங்களில் படிக்கலாம். நடந்தது அதுவல்ல. ஷெல் இருந்தது உண்மை, ஆனால் அதைப் பயன்படுத்தவில்லை. கலத்தில் உள்ள மென்பொருளுக்கும் இருக்க வேண்டிய மென்பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்பி, கலத்தில் இருந்த தனி நிரல் பல சரிபார்ப்புகளுக்குப் பின் தன் பிரதியைத் திருத்திக்கொள்ளும் முறையான வழியிலேயே மாற்றம் போனது.

பின்விளைவு

திருத்தம் ஏறிய பிறகு இந்தக் காரணத்தால் வந்த ரீசெட் நின்றது. தரைக்கலம் செப்டம்பர் 27 வரை பேசியது. திட்டமிட்டதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு காலம். தரைக்கலத்திலிருந்து 16,500க்கு மேற்பட்ட படங்கள், ஊர்தியிலிருந்து 550 படங்கள் வந்தன. காற்றழுத்தம், வெப்பநிலை, காற்று பற்றி ஏறத்தாழ 85 லட்சம் அளவுகள் கிடைத்தன. முன்னுரிமைப் பட்டியலின் அடியில் இருந்த வானிலைக் கருவி தந்தவை அவை.

தரையிறங்கும் முன் ஏன் பிடிபடவில்லை

பிடிபட்டது என்பதுதான் வலிக்கும் உண்மை. தரையிறங்கும் முன்பே சோதனைகளில் இந்த ரீசெட் தலைகாட்டியது. மறுபடி வரவழைக்க முயன்றபோது வரவில்லை. அதை யாரும் மறக்கவில்லை, உதறவும் இல்லை. செவ்வாயின் காற்றுமண்டலத்துக்குள் நுழைந்து இறங்கும் மென்பொருளில் தவறு இருந்தால் கலமே போய்விடும். இதில் வந்தால் கணினி தானே மீண்டெழும். அந்த ஒப்பீட்டில் இது பின்னுக்குப் போனது. அந்த முடிவு தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. கையில் இருந்த நாட்கள் அவ்வளவுதான்.

சோதனையின் சுமைதான் வேறு. வானிலைத் தரவு சேகரிப்பும் நடுத்தரப் பணிகளின் கடும் சுமையும் ஒன்றுசேர வேண்டும். அதோடு பூட்டைத் திருப்பித் தரும் அந்த ஓரிரு கட்டளைகளின் நடுவே குறுக்கீடு விழ வேண்டும். எதிர்பார்க்கக்கூடிய நல்ல நாள் எவ்வளவு சுமை தருமோ அதுவரை சோதித்திருந்தார்கள். செவ்வாயிலிருந்து கிடைத்த தரவு வேகம் அதையும் மிஞ்சியது. வேகம் கூடியதால் அறிவியல் வேலைகளைக் கூட்டினார்கள். வேலை கூடக் கூட அந்தக் குறுகிய இடைவெளியில் குறுக்கீடு விழும் வாய்ப்பும் கூடியது. தோல்விக்கான சூழலைச் சோதிக்கிறோம். எண்ணியதைவிட நன்றாக ஓடும் சூழலைச் சோதிக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

எதை மாற்றலாம்

முதலில் அந்த விதிவிலக்கை. பஸ்ஸிலிருந்து வந்த மற்றத் தரவு இரட்டை இடையகத்தில் போக, வானிலை மட்டும் பைப்பில் போனதற்குப் பதில் அதுவும் இடையகத்தில் போயிருந்தால், கெடு உள்ள பணி கெடு இல்லாத பணியின் பூட்டைத் தொட்டே இருக்காது. எழுதும் பணி ஒருபோதும் காத்திருக்கக் கூடாது என்றால், அது எழுதும் வழியில் யார் கையிலும் பூட்டு இருக்கக் கூடாது. வடிவமைப்புப் படத்தில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே அம்புக்குறி போடும்போது, அந்த அம்புக்குள் என்ன இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

இன்று லினக்ஸில் வேலை செய்பவர்களுக்கும் இது பழங்கதையல்ல. ஒவ்வொரு பைப்புக்குள்ளும் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, ஒரு மியூடெக்ஸ் வைத்திருக்கிறது. சாதாரணக் கெர்னலில் அதற்கு முன்னுரிமை இரவல் கிடையாது. பைப்பை நான்-பிளாக்கிங் (காத்திராத வகை) என்று திறந்துவிட்டால் எழுத்து எங்கும் நிற்காது என்று பலர் நம்புகிறார்கள். அந்தக் குறி, பைப் நிரம்பியிருந்தால் காத்திராதே என்று மட்டுமே சொல்கிறது. உள்ளே இருக்கும் மியூடெக்ஸுக்காகக் காத்திருப்பதை அது தடுப்பதில்லை. நிகழ்நேர வேலைக்கான ப்ரீஎம்ப்ட்-ஆர்டி கெர்னலில் இந்த மியூடெக்ஸ்கள் இரவல் தரும் வகைக்கு மாறுகின்றன. பல ஆண்டுகள் தனிப் பேட்ச்சாக இருந்த அது 2024இல் லினக்ஸ் 6.12 பதிப்பில் மூலக் கெர்னலோடு சேர்ந்தது. நம் நிரலில் பீத்ரெட் என்ற நூலகத்தின் வழியாக நாமே உருவாக்கும் மியூடெக்ஸிலும் இரவல் தானாக வராது; அதன் பண்புகளில் கேட்டுப் பெற வேண்டும். செமஃபோரில் கேட்கவும் வழியில்லை. யார் பிடித்திருக்கிறார் என்ற கணக்கே செமஃபோரிடம் இல்லாதபோது, இரவலை யாருக்குக் கொடுப்பது?

பாத்ஃபைண்டர் குழு செய்த ஒன்றை மட்டும் மாற்றவே கூடாது: தடம் பதிக்கும் நிரல். வேறொரு பிழைக்காக எழுதியதை, வேலை முடிந்தது என்று தூக்கி எறியாமல் பைப்புக்குள்ளும் செலக்ட்டுக்குள்ளும் நீட்டி வைத்திருந்தார்கள். ஓரிரு கட்டளைகளின் அகலமே கொண்ட அந்த இடைவெளியில் எந்தப் பணி எந்தப் பூட்டோடு நின்றது என்பது, அந்தப் பதிவில் நேர வரிசைப்படி எழுதப்பட்டிருந்தது.